ராணி சரியாக அழவில்லை

"குடையை வெளியில வெச்சுட்டு வாங்க மேடம்..."

சொன்னவனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையில் அம்மா, மறு கையில் ஃபைல், தோளில் பை, கக்கத்தில் குடை... இதில் எதை முதலில் விடுவதாம்? காலையிலிருந்து விடாத மழை வேறு. கோபம் மூக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது.

"எங்கம்மாவை வேணும்னா வெளியில விட்டுட்டு வரட்டுமா?"

"அவங்க உள்ள வரலாம். அவங்ககிட்டேருந்து தண்ணி சொட்டலையே!"

வெடுக்கென்று திரும்பினாள். வெள்ளைக் கோட்டு. கலைந்த தலை. அப்புறம் அந்தக் கண்கள்... அவை அவள் முகத்தை விட்டு நகரவே இல்லை. காது கேளாதவர்களோடு நாள் முழுக்கப் பேசுகிறவன். முகத்துக்கு நேராக நின்று, வாயசைவு தெரியும்படி நிதானமாகப் பேசிப் பழகியவன். அந்தப் பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் இப்படி நேருக்கு நேர் அவள் முகம் பார்த்து யாராவது பேசி மூன்று மாதமாகிறதே... குடையை வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

காது கேட்கும் கருவி பொருத்தும் இடம் அது. அம்மாவைக் கூட்டிவருவதெல்லாம் அண்ணன் வேலை. ஃபைலின் மேல் அம்மாவின் பெயரும், அடுத்த முறை வரவேண்டிய தேதியும் அவன் கையெழுத்தில்தான் இருந்தன. அந்தத் தேதிக்கு முந்தின வாரம் ஒரு லாரி அவனைக் கொண்டுபோய்விட்டது.

காத்திருக்கும் அறையில் நாலைந்து பேர். சுவரில் டி.வி. கீழே எழுத்து ஓடுவதால் சத்தம் வைக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் அத்தனை பேருக்கும் காது மந்தம், அதனால் அறையே சந்தைக்கடை மாதிரி இரைந்துகொண்டிருந்தது. என்ன ஓடுகிறது என்று நிமிர்ந்து பார்த்தவள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

'அணையும் சூரியன்.'

பனி மூடிய கிரகம், குளிர்ந்துகொண்டே போகும் சூரியன், ஆறு கால் குதிரைகள், அவற்றை ஆளும் ஓர் இளம் ராணி. நாலு மாதமாக ஊரில் பாதிப்பேர் இதைத்தான் பார்க்கிறார்கள், மீதிப்பேர் இதைத்தான் திட்டுகிறார்கள்.

"என்னய்யா கதை இது?" என்றார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "சூரியன் அணையப்போகுதுன்னு மொத எபிசோடுலேயே சொல்லிட்டான். பத்து எபிசோடு ஆச்சு. இன்னும் ஜம்முனு வெயில் அடிக்குது!"

"நீங்க ஒண்ணு! அது உள்ளுக்குள்ள அணையுது," என்றார் பக்கத்திலிருந்த கணக்கு டீச்சர். "குதிரைக்கு ஆறு கால், ஆனா எட்டு லாடம் அடிக்கிறாங்க. அதைக் கேக்க ஆளில்லை. எனக்கு ராணியை மட்டும்தான் பிடிச்சுது. அவளும் அண்ணன் செத்தப்ப அழுதா பாருங்க ஒரு அழுகை... சகிக்கலை."

"அப்படிச் சொல்லுங்க டீச்சர்!" வெள்ளைக் கோட்டுக்காரன் உற்சாகமாகிவிட்டான். "அதைத்தான் நானும் எழுதினேன். எண்ணூறு பேர் லைக் போட்டாங்க."

அவள் நிமிர்ந்தாள். "என்ன எழுதினீங்க?"

பெருமையாக ஒப்பித்தான். "'ஐந்தாவது எபிசோடு வரை ராணி பேசினார். ஆறாவதில் அண்ணன் உடல் முன்னால் உட்கார்ந்து பஸ் அட்டவணை வாசிக்கிறார். ராணி சரியாக அழவில்லை. குரலை மாற்றுங்கப்பா.' நெட்ல ஒட்டுக்கேட்பவன்ங்கிற பேர்ல எழுதுவேன்..."

அவன் ஒப்பிக்காமலே அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை விடாமல் தெரியும். தமிழில் அந்த ராணிக்குக் குரல் கொடுத்தவளே அவள்தானே... பார்வையாளர்கள் கருத்து என்று சேனல் அனுப்பிய தாளில் முதல் வரிசையில் இருந்தது இதுதான். 'இரண்டாவது சீசனுக்கு வேற குரல் பாக்கச் சொல்றாங்கம்மா. திங்கட்கிழமை டெஸ்ட் வெச்சிருக்கேன். நீயும் வந்து குடு. அழுகை சீன் மட்டும்தான். நல்லா அழுதேன்னா ராணி உனக்குத்தான்,' என்று ஸ்டூடியோவின் சவுண்ட் இன்ஜினியர் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார். நான் பேசிய ராணிக்கு நானே பரீட்சை எழுதுவதா? மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கு வெள்ளி.

வீறாப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளுக்கு மட்டும்தான் தெரியும், அது பயம். அண்ணன் போன நாளிலிருந்து அவளுக்கு அழுகையே வரவில்லை. வந்தால்தானே மைக் முன்னால் அழுவது?

நல்ல மழை, நல்ல மனிதர்கள், நல்ல கருத்து... எல்லாருமாகச் சேர்ந்து நன்றாக இருங்கள் என்று மனதுக்குள் சபித்துவிட்டு அம்மாவை உள்ளே அழைத்துப் போனாள்.

புதுக் கருவியை அம்மாவின் காதில் பொருத்தி, கம்ப்யூட்டரில் ஏதேதோ கோடுகளை ஏற்றி இறக்கினான். "இப்ப ஒரு குரல் போடறேன்மா. இங்க வர்ற எல்லாருக்கும் இதைத்தான் போடுவேன். இவ்வளவு தெளிவா வார்த்தையை உச்சரிக்கிற குரல் வேற இல்லை."

ஸ்பீக்கரில் முதல் எபிசோடு ராணி பேசினாள். "இந்த நாட்டில் கடைசி விளக்கு எரியும்வரை, நான் உறங்கப் போவதில்லை..."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "தம்பி... இது எம் பொண்ணு!"

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். காது மடல் வரை சிவந்து, எச்சில் விழுங்கி... பாவம், ஆள் நாற்காலிக்குள்ளேயே புதைந்துவிடுவான் போலிருந்தது.

"நீங்களா?"

"நான்தான். பஸ் அட்டவணை."

"ஐயோ... நான்..."

"தம்பி," என்று அம்மா குறுக்கே வந்தாள். "வெளியில எல்லாரும் இவளைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தாங்க போல. வாயசைவுல பாத்தேன். அழுகைன்னாங்க. அது என்ன, அதையும் போடேன்."

"வேண்டாம்மா," என்றாள் அவள்.

"எத்தனை மாசமாச்சுடி உன் குரல் கேட்டு!"

அவன் அனுமதி கேட்டு அவளைப் பார்த்தான். அவளுக்கு அந்தப் பார்வைமேலேயே ஆத்திரம் வந்தது. "போடுங்க சார். எண்ணூறு பேர் கேட்டாச்சு. எண்ணூத்தி ஒண்ணு."

ஆறாவது எபிசோடு. பனிப்புயல் சத்தம். பிறகு ராணியின் குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, விம்மல் இல்லை. "அண்ணா... எழுந்திரு. குதிரைகள் காத்திருக்கின்றன. நேரமாகிறது. எழுந்திரு."

ஸ்பீக்கர் ஓய்ந்ததும் அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு உங்கண்ணன் பக்கத்துல உக்காந்து நீ வாயை அசைச்சுக்கிட்டே இருந்தே. கருவி ரிப்பேர், எனக்கு ஒண்ணும் கேக்கலை. கண்ணைத் தொடைச்சுத் தொடைச்சு எனக்கு வாயசைவும் தெரியலை. இப்படித்தான் சொன்னியா?"

"ஆமாம்மா."

"என்ன சொன்னே?"

"எழுந்து சாப்பிட வாடா... சோறு ஆறுதுன்னு."

அம்மா தலையை ஆட்டினாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "எம் புள்ளைக்கு இவ அழுதது எனக்குக் கேக்கவே இல்லை தம்பி. இன்னிக்குத்தான் கேட்டேன். இவ அழுதா இப்படித்தான் இருக்கும்."

அவன் ஸ்பீக்கரை அணைத்தான்.

"எப்போ?" என்றான்.

"அஞ்சாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல. மூணு நாள் லீவு குடுத்தாங்க."

"நான் எழுதினதை இப்பவே எடுத்துடறேங்க."

"எடுக்காதீங்க!" கத்தியே விட்டாள். "பாவம் பாத்து எடுக்கிற கருத்து எனக்கு எதுக்கு? உங்களுக்குப் பிடிக்கலை, எழுதினீங்க. அவ்வளவுதான். எழுதினது அங்கேயே கிடக்கட்டும்."

போகும்போது குடையை மறந்தாள். திரும்பி வந்து எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. நனைந்துகொண்டே போனார்கள், அம்மாவின் புதுக் கருவியை மட்டும் பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு.

திங்கட்கிழமை ஸ்டூடியோ வாசல்வரை போனாள். மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. உள்ளே யாரோ ஒரு பெண் அழுவது மங்கலாகக் கேட்டது. ஏறி, இறங்கி, தேம்பித் தேம்பி... என்ன அழகான அழுகை! டீச்சருக்கு ரொம்பப் பிடிக்கும். அவள் படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். ராணி கைமாறிப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவின் கருவியை மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. இந்த முறை அவனைப் பிடி பிடியென்று பிடித்துவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். போனால்... ஆள் இளைத்துப்போயிருந்தான். அம்மாவுக்குச் சோதனை பார்க்க, நியூஸ் பேப்பரை எடுத்து அவனே வாசித்தான்.

"ராணி என்ன ஆனா?" என்று அம்மா கேட்டாள்.

"நிறுத்திட்டேன்மா. கேக்க முடியலை."

"அவர் நியூஸ் வாசிச்சா பேட்டரி தீர்ந்துபோன மாதிரியே இருக்கு!" என்று வெளியிலிருந்து கணக்கு டீச்சர் குரல் கொடுத்தார். டீச்சருக்குக் கருவி நன்றாகவே வேலை செய்தது. அம்மா சிரித்துவிட்டு, டீச்சரோடு பேச எழுந்துபோனாள்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

"டெஸ்ட் என்ன ஆச்சுங்க?" தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஸ்டூடியோவுக்கு ஃபோன் பண்ணி இன்ஜினியர்கிட்ட விசாரிச்சேன், டெஸ்ட் வெச்சாங்கன்னு மட்டும் சொன்னார்... மன்னிச்சுக்கங்க."

"வேற பொண்ணுக்குப் போயிடுச்சு. நல்லா அழறா."

"என்னாலயா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் நிம்மதியாகத் தூங்குவான். "உங்களால மட்டும் இல்லை," என்றாள். "ஆனா... ஆமா."

அவன் அதை மறுக்கவில்லை, மழுப்பவில்லை. "அந்தக் குரல் தினம் நாலு தடவை இந்த ரூம்ல பேசும். வீட்டுக்குப் போயும் கேப்பேன். ஆறாவதுல அது திடீர்னு காணாமப் போயிடுச்சு. கோபம்... என்னமோ என்கிட்ட சொல்லாம போன மாதிரி. யார் போனாங்க, ஏன் போனாங்கன்னு யோசிக்காம எழுதிட்டேன்."

அவள் தயார் செய்து வந்த வசனத்தில் ஒன்றுகூட நினைவில் இல்லை. பார்வையைத் திருப்பினாள். மூலையில் கனமான கதவும் கண்ணாடி ஜன்னலுமாக ஒரு குட்டி அறை இருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மைக்.

"அது என்ன?"

"காது டெஸ்ட் பண்ற ரூம். கதவைச் சாத்தினா சத்தம் உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. மைக்ல பேசினா, இங்க ஹெட்ஃபோன் போட்டவங்களுக்கு மட்டும் கேக்கும்."

"கொஞ்சம் உக்காரலாமா?"

கதவு மூடிக்கொண்டது. மழை நின்றது... இல்லை, வெளியே கொட்டிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மாதமாக இப்படி ஒரு அறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. பழக்கதோஷம், மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள். எதிரே வசனத் தாள் இல்லை. பனி இல்லை, குதிரை இல்லை.

"அண்ணா..." என்றாள்.

வந்துவிட்டது. ராணி அழுகை இல்லை அது. மூக்கு ஒழுகி, வாய் கோணி, மூச்சு முட்டி, கேட்கவே சகிக்காத அழுகை. மடியில் கவிழ்ந்து அழுதாள். சோறு ஆறிப்போச்சேடா, ஆறிப்போச்சேடா என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதாள்.

எவ்வளவு நேரமோ... நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிக்கு அப்பால் அவன் முதுகு தெரிந்தது. ஹெட்ஃபோன் மேஜைமேல் கிடந்தது. அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். ஊரெல்லாம் ஒட்டுக்கேட்கிறவனுக்கு, இதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்திருந்தது. அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று.

கண்ணாடியைத் தட்டினாள். திரும்பினான். போட்டுக்கொள்ளுங்கள் என்று காதைக் காட்டினாள். போட்டுக்கொண்டான்.

"எண்ணூறு பேர் லைக் போட்டாங்க," என்றாள் மைக்கில், உடைந்த குரலில். "ஆனா நான் காணாமப் போனதை மொதல்ல கண்டுபிடிச்சது நீங்கதான். ஸ்டூடியோவுல யாரும் கேக்கலை, வீட்டுல யாருக்கும் தெரியலை. அதனாலதான் அப்படி வலிச்சது. இன்னிக்கு உங்களைத் திட்டத்தான் வந்தேன்... திட்ட வரலை." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. என்ன பண்றது?"

அவன் உதடுகள் அசைந்தன. நீளமாக ஏதோ சொன்னான். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணும் கேக்கலை," என்றாள்.

அவன் விழித்தான். தன் பக்கத்து மைக் பட்டனைப் பார்த்தான். அழுத்தவே இல்லை! தினம் முப்பது தடவை அழுத்துகிற பட்டன்... தலையில் அடித்துக்கொண்டான். ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு வந்து அந்தக் கனமான கதவை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தான். மழைச் சத்தம் மொத்தமாக உள்ளே வந்தது.

"எனக்கு," என்றான் மூச்சு வாங்க, "மொத எபிசோடுலேயே பிடிச்சுப்போச்சு."