ஒன்பது சுற்று

“நேத்து ராத்திரி தொடச்சுத்தான மாட்டுனேன் –”

“தொடச்சிருந்தா இப்படியா சொட்டும்? நீ என்னத்தையோ –”

“முந்தாநேத்தும் இதையேதான் கேட்டீங்க, அப்பவும் நான் –”

“அப்ப யாருடி தண்ணி ஊத்துனது? இந்த வீட்டுல இருக்கது நீயும் நானும். மழ பேஞ்சு மூணு மாசமாச்சு, கூர ஒழுகுதுன்னுகூடச் சொல்ல முடியாது.”

சுருளியம்மாள் சுவரைப் பார்த்தாள். மகன் சூர்யபிரகாஷின் துளைப்பான் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இடுப்பளவு உயரம். மேலே வளைந்த கைப்பிடி, அதில் சுற்றிய முடிச்சுக் கயிறு, அதற்குக் கீழே சுருள் சுருளாக இறங்கும் தகடு, தகட்டின் வாயில் இரண்டு அலகு. பின்லாந்தில் ஏரி உறைந்து கிடக்கும்போது பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிற கைக்கருவி. அவன் அதற்கு என்னவோ ஒரு பெயர் சொன்னான், அவள் வாயில் அது நுழையவில்லை, திருகு என்றே சொல்லிப் பழகிவிட்டாள். இப்போது அந்தத் திருகின் அலகு நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, விழுந்தது. கீழே சிமெண்டுத் தரையில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம் கறுத்திருந்தது.

வீரையா விரலால் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

“பிரிட்ஜுத் தண்ணிய ஊத்துனியா?”

“எதுக்குங்க ஊத்துறேன்? எனக்கென்ன கிறுக்கா?”

“சரி விடு. நாளையோட இது இந்த வீட்ட விட்டுப் போயிரும். தர்ப்பையில உருவம் செஞ்சு எரிச்சுட்டு, திருகையும் கயித்தையும் கொட்டகுடி ஆத்துல விட்டுருவோம். பெரியவுக எல்லாரும் சொல்லியாச்சு.”

“உடம்பு கெடைக்கல. காரியம் எப்படிங்க செய்றது? ஐஸு உருகுனதும் தேடுவோம்னுதான அந்த ஊரு போலீசு சொல்லியிருக்கு.”

“சுருளி.”

“புல்ல எரிச்சுட்டு எம்புள்ளய எரிச்சதா நெனச்சுக்கணுமா நானு?”

“நூறு நாளைக்கு மேல ஆச்சுடி. ஐஸு உருகி என்ன வரப்போகுது?”

சொன்னபிறகு அவருக்கே அது தாங்கவில்லை. ஜீப்புச் சாவியைத் தேடுவதுபோலத் திரும்பி, சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முப்பது வருடமாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற டிரைவர். போடிமெட்டு வளைவுகளில் ஒருநாளும் பதறாதவர். வாசற்படியில் கால் இடறித் தடுமாறினார்.

“சாமான் வாங்கிட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துருவேன். ரெண்டு வாய் சாப்புடு. வெறும் வயித்தோட கெடக்காத.”

ஜீப்பு முந்தல் ரோட்டில் இறங்கிப் போடிப் பக்கம் போகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் மலையடிவாரத்து வெயில் மட்டும் மிஞ்சியது. பங்குனி வெயில். தகரக் கூரை டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் எப்போதும்போல ஏலக்காய் வாசம். கமிஷன் கடையிலிருந்து சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து, தரம் பிரித்துக் கொடுப்பதுதான் சுருளியம்மாளின் சோலி. எட்டு மில்லிமீட்டர் துளைச் சல்லடையை மடியில் வைத்து ஆட்டத் தொடங்கினாள். சின்னக் காய் பொலபொலவென்று கீழே விழுந்தது. பெரிய காய் மேலேயே நின்றது. எவ்வளவு ஆட்டினாலும் துளையைவிடப் பெரியது இறங்காது. இந்த ஒரு பாடத்தை அவள் கை இருபத்தெட்டு வருடமாகப் படித்திருக்கிறது.

போன வருடம் தை மாதம் சூர்யபிரகாஷ் பின்லாந்தில் ஒரு கடையில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டான்.

“அம்மா, ரெண்டு இருக்கு பாரு. இது நாலு இஞ்சு, இது எட்டு இஞ்சு. எத எடுக்க?”

“எது கனமில்லாம இருக்கு?”

“நாலுதான். வெரசாவும் எறங்கும். ஆனா பெரிய மீனு மாட்டுச்சுன்னா ஓட்டைக்குள்ள வராதாம்மா. தல வந்து முட்டிக்கிட்டு அப்படியே நிக்குமாம். இனியவன் சொல்றான்.”

இனியவன் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பையன். இருவரும் ஒரே கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார்கள்.

“பெரிய மீனு யாருக்கு வேணும்? நீயும் அவனும் திங்க ரெண்டு சின்ன மீனு பத்தாதா? பத்தாப்புப் படிக்கையில ஜீப்புல இருந்து விழுந்து ஒடிஞ்ச தோளு அது. எட்டு இஞ்ச வச்சுத் திருகிட்டு ராவெல்லாம் வலிக்குதுன்னு எனக்குத்தான் போன் போடுவ. சின்னதே போதும் அப்பு.”

“சரிங்க மேனேஜரம்மா.”

ஆழம் பார்க்கக் கயிறு செய்து அனுப்பியதும் அவள்தான். சாக்குத் தைக்கிற சணலை முறுக்கி, தன் முழங்கையால் அளந்து, முழத்துக்கு ஒரு முடிச்சாக இருபது முடிச்சு போட்டாள். நுனியில் கட்டுவதற்கு வீரையா ஜீப்பிலிருந்து ஒரு பெரிய நட்டைக் கழற்றிக் கொடுத்தார். மாவடு ஊறுகாயோடு பார்சலில் போனது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும், இங்கே மதியம் மூன்றரை ஆகும்போது, அவன் ஏரி மேலிருந்து கூப்பிடுவான். போனை ஒரு வாளி மேல் சாய்த்து வைத்துவிட்டுத் திருகுவான். அவள் காய் பொறுக்கிக்கொண்டே சுற்றுகளை எண்ணுவாள். முப்பத்தெட்டு, நாற்பது, சில நாள் நாற்பத்தைந்து. துளை விழுந்ததும் கயிற்றை விடுவான்.

“எத்தன மொழம்டா தண்ணி?”

“பதினொண்ணும்மா.”

“ஏ அப்பா. நம்ம கெணத்துல அவ்வளவு கண்டு எத்தன வருசமாச்சு.”

கிணற்றுக் காட்டில் பிறந்தவர்கள். எங்கே தண்ணீரைப் பார்த்தாலும் எத்தனை முழம் என்றுதான் வாயில் வரும். நின்று பார்க்கிற இடம் எத்தனை விரற்கடை கனம் என்று போடியில் யார் கேட்டார்கள்? தரை தரையாகத்தானே இருக்கும்?

கார்த்திகைக் கடைசி ஞாயிறு. அந்தக் குளிர்காலத்தின் முதல் பனிக்கட்டி. அவன் திருகினான், அவள் எண்ணினாள். ஒன்பதாவது சுற்றில் திருகு பொதுக்கென்று இறங்கியது.

“ஒம்போதுலயே விழுந்துருச்சும்மா.”

“நல்லதாப் போச்சு அப்பு. தோளுக்கு நோவில்ல. எத்தன மொழம்?”

“இரு, விடுறேன்... பதினேழும்மா. யாத்தே, பதினேழு. இரு, எந்திரிச்சு ஏரியச் சுத்திக் காட்டுறேன்.”

அதோடு படம் நின்றுபோனது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தாள். போனை வைத்துவிட்டு இன்னும் இரண்டு சல்லடைக் காய் பொறுக்கினாள். காபி போட்டுக் குடித்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு இனியவன் அழுதுகொண்டே சொன்னான். “ஐஸு நாலு விரக்கடை கனமாச்சும் இருந்தாத்தான் ஏறணும்மா. நாங்க கூடப் போற அன்னிக்கெல்லாம் பாத்துத்தான் ஏறுவோம். அன்னிக்கு ரெண்டுகூட இல்ல. தனியாப் போயிருக்கான்.” கருவியும் கயிறும் பனிக்கட்டி மேலேயே கிடந்தனவாம். அவன் அனுப்பிய பார்சல் போன வாரம்தான் வந்து சேர்ந்தது.

அதற்கு மறுநாள் காலையிலிருந்துதான் திருகு நனைகிறது.

சல்லடை அவள் மடியில் நின்றுபோயிருந்தது. ஏலக்காய் வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் வந்தது. பிரிட்ஜின் ஐஸ் அறையைத் திறந்தால் வருமே, வாசமே இல்லாத ஒரு வாசம், மூக்குத்தியைச் சில்லிட வைக்கிற வாசம். அதற்குள் கொஞ்சம் பாசி. உட்கார்ந்திருந்த சாக்கு வழியே குளிர் ஏறித் தொடை மரத்தது. வெளியே ரோட்டில் தார் இளகிக் கிடக்கிற நேரத்தில், அவள் விட்ட மூச்சு புகையாகப் போனது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை. இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கர்ர்ர்.

அரைவை மிஷின் சத்தம் என்று நினைத்தாள். ஞாயிறு மில் கிடையாது.

கர்ர்ர்.

ஆணியைப் பார்த்தாள். திருகு அசையாமல் தொங்கியது. சத்தம் அதற்கு நேர் கீழே, அந்தக் கறுத்த வட்டத்துக்குள்ளிருந்து வந்தது. கெட்டியான ஒன்றில் அலகு கடித்து, முக்கி, ஒரு சுற்று வந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கடிக்கிற சத்தம். வலது தோளில் வலி உள்ளவன் அப்படித்தான் திருகுவான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் நிறுத்தி.

அவள் உதடு அவளைக் கேட்காமலே எண்ணத் தொடங்கியிருந்தது.

மூணு.

எழுந்து ஓட வேண்டும். வாசல் ஆறு எட்டு வைக்கிற தூரத்தில் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. வெயிலில் பக்கத்து வீட்டுக் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

நாலு. அஞ்சு.

தரையில் தலைமுடி அளவு ஒரு கோடு. கோடு வளைந்தது. சிமெண்டுத் தூள் வெள்ளையாக, பனிபோல, வட்டமாக எழுந்து நின்றது.

ஆறு.

“யாரு?”

சத்தம் நின்றது. கேட்டிருக்கிறது. பிறகு இன்னும் வேகமாக.

ஏழு. எட்டு.

“வேணாம் சாமி. மெதுவா. தோளு.”

ஒம்போது.

பொதுக்கென்று வட்டச் சில்லு உள்ளே விழுந்தது. வெகுநேரம் கழித்து, எங்கோ ஆழத்தில், தண்ணீர்ச் சத்தம்.

நாலு இஞ்சுத் துளை. உள்ளே கறுப்பு. விளிம்பு வரை தண்ணீர் ஏறி வந்து, ததும்பாமல் நின்றது. அவள் அதை நோக்கித் தவழ்ந்தாள். பயம் இருந்தது. சிறுநீர் காலில் வழிய, அவ்வளவு பயமும் இருந்தது. ஆனால் கை திருகின் கைப்பிடியில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. வேறென்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நட்டை உள்ளே விட்டாள். முடிச்சுகள் விரல் வழியாக ஒவ்வொன்றாக இறங்கின. நாலு. பத்து. பதினொண்ணு. கயிறு பட்ட இடமெல்லாம் விரல் செத்தது.

பதினேழு.

தரை தட்டவில்லை. பதினெட்டு. பத்தொன்பது. இருபதாவது முடிச்சை விரலில் சுற்றிக்கொண்டு நிறுத்தினாள்.

கயிறு சும்மா கிடந்தது.

பிறகு கீழேயிருந்து ஒரு இழுப்பு. மெதுவாக. சின்ன வயதில் முந்தானையைப் பிடித்து இழுப்பான், அந்த அளவுக்கு.

“அப்பு?”

இன்னொரு இழுப்பு.

“அப்பு, பிடிச்சுக்க. விட்டுறாத. அம்மா தூக்குறேன்.”

இழுத்தாள். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். கனம் ஏறி வந்தது. பத்து. ஏழு. உள்ளங்கை கிழிந்து சணல் சிவந்தது. மூணு. ரெண்டு.

முதலில் விரல்கள் வந்தன. நாலும் வெளுத்து ஊறி, நகத்துக்குள் ஐஸ். கட்டைவிரல் ஓரத்தில் வெல்டிங் பொறி சுட்ட வடு. அவள் முத்தமிட்ட வடு. கயிற்றை விட்டுவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. அதற்கு மேல் தோள்.

தோள் வரவில்லை.

இழுத்தாள். விளிம்பில் சதை நசுங்கியது. “வந்துரு சாமி, வந்துரு.” திருப்பி இழுத்தாள். சாய்த்து இழுத்தாள். கை வழுக்கி உள்ளே போனது. அந்த இடத்தில் வேறொன்று மேலே வந்து முட்டியது. நெற்றி. முட்டி, இறங்கி, மறுபடி முட்டியது. மொத்து மொத்தென்று. தரை அதிர்ந்து சல்லடையில் நின்ற பெரிய காய்கள் குலுங்கின. ஒன்றும் கீழே விழவில்லை.

நகத்தால் சிமெண்டைப் பிறாண்டினாள். ஒரு நகம் பெயர்ந்தது. விளிம்பில் ஒரு தூள்கூட உதிரவில்லை. ஓரத்திலிருந்து தண்ணீர் உறையத் தொடங்கியிருந்தது. கண்ணாடித் தோல்போல, வெள்ளையாக, நடுவை நோக்கி.

முகம் உள்ளே திரும்பியது. ஒரு கண் துளையில் நின்று அவளைப் பார்த்தது. இமைக்கவில்லை. பிறகு கண் நகர்ந்து, வாய் வந்து துளையை நிறைத்தது. நீல உதடு. மீன்வாய் போல ஒருதரம் திறந்து, தண்ணீரைக் கக்கி, மூடித் திறந்தது.

கோபமே இல்லாத குரல். சந்தேகம் கேட்கிற பிள்ளையின் குரல்.

“பெருசாவே வாங்கியிருக்கலாமோம்மா?”