நன்றாகப் பொருந்திய மாஸ்க்

மூச்சு மிஷினின் பக்கவாட்டுத் தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது.

மீரா சாகிப் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே குனிந்து அதைப் பார்த்தார். இரவு படுக்கும் முன் மகள் பர்வின் கோடு வரைக்கும் நிரப்பி வைத்த தண்ணீர். காற்றோடு ஈரமும் சேர்ந்து போவதற்காக வைப்பது. மிஷின் ஓடினால்தான் அது குறையும். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு யாராவது மூச்சு விட்டால்தான் மிஷின் ஓடும். அவர் மாட்டவில்லை. படுத்த சற்று நேரத்திலேயே மூச்சு முட்டி, பட்டைகளைத் தலையிலிருந்து உருவி, பக்கத்துக் கட்டிலில் வீசியெறிந்துவிட்டுத் தூங்கிப்போனது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

வீசியெறிந்த மாஸ்க் இப்போது அந்தக் கட்டிலின் தலையணை மேல் நேராக இருந்தது. பட்டைகள் பிரிந்து கிடக்கவில்லை. கோத்திருந்தன.

விடியற்காலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வருவதற்குள் துபாயிலிருந்து மகன் ஜாஹித் அழைத்துவிட்டான்.

"அத்தா, மாஷா அல்லாஹ்! ராத்திரி முழுக்க மாட்டியிருக்கீங்க. மிஷின் கணக்கு என் போனுக்கே வந்துடுச்சு. காத்து கொஞ்சங்கூட கசியலேங்குது. நீங்க ரெண்டு மாஸ்க்கைக் கழிச்சுக் கட்டுனப்ப நான் பயந்தே போயிட்டேன்."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

"பழகிடுச்சு" என்றார்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று தஞ்சாவூர் டாக்டர் சொன்ன அன்றே ஜாஹித் முடிவு செய்துவிட்டான். மிஷினோடு தூங்கினால் ஊரில் இருக்கலாம். இல்லாவிட்டால் சென்னையில் அவன் மனைவி இருக்கும் ஃபிளாட்டுக்குப் போய்விட வேண்டும். பர்வினுக்குக் குவைத்தில் புருஷன் விசா எடுத்துத் தயாராக வைத்திருக்கிறான். அத்தாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றுதான் அவள் இங்கே இருக்கிறாள். அவர் கிளம்பினால் அவளும் கிளம்புவாள். வீடு பூட்டப்படும்.

அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டித்தான் கிடந்தன. அரபு நாட்டுக்குப் போனவர்கள் அனுப்பிய காசில் மாடி ஏறியது, டைல்ஸ் ஏறியது, கடைசியில் பூட்டு ஏறியது. எதிரே ஜெய்னுலாபுதீன் வீட்டு மாடத்தில் ஆலங்கன்று முளைத்து நிற்கிறது. மீரா சாகிப் வீட்டு வாசற்கதவில் வெளிப்பக்கம் கொண்டியே கிடையாது. கட்டும்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அவருடைய அத்தா. வீட்டோடு எல்லோரும் கல்யாணத்துக்குப் போனாலும் மய்யத்து அடக்கத்துக்குப் போனாலும் ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும். மனுஷன் இல்லாத வீடு என்று இந்த வாசலை ஒருவன் சுட்டிக்காட்டக் கூடாது. மூன்று தலைமுறையாக யாரும் காட்டியதில்லை.

முதலில் மாஸ்க் அளவு பார்க்கத் தஞ்சாவூரிலிருந்து வந்த அரசப்பனிடம் அவர் இதையெல்லாம் சொல்லவில்லை. மருத்துவச் சாமான் விற்கிற அந்த ஆள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் பரப்பினான். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஒன்று. மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. மூக்குத் துவாரங்களில் ரப்பர் முனைகளைச் செருகிக்கொள்வது ஒன்று. கடைசியில் சொன்னதை மாட்டிய உடனே மூக்கு எரிந்தது. மூக்கை மட்டும் மூடுவதை மாட்டியபோது, படுத்ததும் வாய் தானாகத் திறந்து காற்றெல்லாம் வாய்வழியே போனது. பெரியதுதான் மிஞ்சியது.

"பாய், கோவிச்சுக்காதீங்க. தாடிய மட்டும் ஒட்ட வெட்டிட்டீங்கன்னா இது கச்சிதமா உக்காந்துடும்."

"மாஸ்க்குக்காகத் தாடிய எடுக்கச் சொல்றியா?"

"இல்லேன்னா முடிக்கு நடுவுல காத்து ஓடிடும் பாய். ராத்திரி பூரா பாம்பு மாதிரி சீறும்."

"சீறட்டும். டெல்டாவுல பாம்புக்குப் பயந்து எவன்யா தூங்காம இருந்தான்?"

பர்வின் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அரசப்பனும் சிரித்தான். "உக்காந்தா எல்லா மாஸ்க்கும் நல்லாத்தான் இருக்கும் பாய். படுத்துத்தான் பாக்கணும். படுத்தா மூஞ்சி வேற மூஞ்சி ஆயிடும்."

அவன் சொன்னது சரிதான். படுத்ததும் அது சீறியது. கன்னத்தின் ஓரங்களில், தாடியின் வேர்களுக்கு இடையில், குளிர்ந்த காற்று நாக்கு நாக்காக வெளியேறியது. பட்டையை இறுக்கினால் மூக்குத் தண்டு வலித்தது. தளர்த்தினால் கண்ணுக்குள் ஊதியது. ஒரு இரவுகூட அவர் அதை முழுதாக மாட்டித் தூங்கவில்லை.

ஆனாலும் ஜாஹித் தினமும் காலையில் சந்தோஷமாக அழைத்தான். ராத்திரி முழுக்க மாட்டியிருக்கீங்க. கசிவே இல்லை. மூச்சு நிக்கவே இல்லை.

அவருக்கோ ராத்திரி தோறும் மூச்சு நின்றது. கிணற்றின் அடியிலிருந்து மேலே வருவதுபோல் திணறி எழுந்து உட்கார்வார். இருட்டில் மிஷின் மட்டும் நிதானமாக இரைந்துகொண்டிருக்கும். கனவு என்று நினைத்து மறுபடி சாய்ந்துவிடுவார்.

முதலில் பர்வின் மேல்தான் சந்தேகம் வந்தது. அத்தாவின் பிடிவாதம் தெரிந்தவள். வீடு பூட்டப்படக் கூடாது என்று, அவர் தூங்கிய பிறகு வந்து, பக்கத்துக் கட்டிலில் ஓசையில்லாமல் படுத்து, தானே மாட்டிக்கொள்கிறாளா? நினைக்கவே அவருக்குக் கூசியது. மகள் போடும் பிச்சையில் வீட்டு மானம் நிற்பதா?

"ராத்திரி என் ரூமுக்கு வந்தியா?"

அவள் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தாமல் நிமிர்ந்தாள். "எப்படி வர்றது? நீங்கதான் உள்தாப்பா போட்டுக்கிறீங்களே. நான் சொன்னா கேக்குறீங்களா, ராத்திரியில ஏதாச்சும் ஆச்சுன்னா கதவையா ஒடைக்கிறதுன்னு?"

உண்மைதான். அவர் தாழ்ப்பாள் போட்டுத்தான் படுப்பார். ஜன்னலில் கம்பி உண்டு.

பிறகு ஜாஹித் மேல் சந்தேகம் வந்தது. தன்னைச் சமாதானப்படுத்தக் கதை சொல்கிறானோ? அப்படியென்றால் தண்ணீர்? பிறகு அரசப்பன் மேல். வேறொருவன் பயன்படுத்தியதைத் துடைத்துத் தலையில் கட்டிவிட்டானோ? ஒருநாள் காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாஸ்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் சற்று நேரம் இருந்தாலே ரப்பர் விளிம்பில் ஒரு வெள்ளை முடியாவது ஒட்டியிருக்கும். ஒன்றுகூட இல்லை. விளிம்பைச் சுற்றி மழமழவென்று எண்ணெய்ப் பிசுக்கு ஒரே சீராகப் படிந்திருந்தது. தாடியில்லாத முகம். மூக்கருகில் கொண்டுபோனார். பர்வின் தடவும் தேங்காயெண்ணெய் வாசனை இல்லை. ஆண்டுக்கணக்கில் அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தால் முதலில் முகத்தில் அறையுமே, அந்தக் காற்று.

அவர் அதைக் கழுவிக் காயவைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பழகிடுச்சு என்று சொன்னதும் சேர்ந்து வெளியே வரும்.

அன்று மாலை ஜாஹித் சொன்னான். "நாளைக்கு டாக்டர் கடைசி ரிப்போர்ட்டைப் பாக்குறாரு அத்தா. இன்னிக்கு ராத்திரியும் இதே மாதிரி இருந்தா போதும். சென்னைப் பேச்சையே எடுக்க மாட்டேன். கெட்டுப்போச்சுன்னா மட்டும் என்னைத் திட்டக் கூடாது. வண்டி அனுப்பிடுவேன்."

"அனுப்ப வேண்டியிருக்காது."

இன்று தானே மாட்டித் தூங்குவது, யாருடைய தயவும் வேண்டாம் என்று முடிவு செய்தார். தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். வெளியே ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. கொல்லைக்குப் பின்னால் நடவு முடிந்த வயல்களில் தவளைகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கத்த, நிரம்பிய வாய்க்கால் மதகில் இடிக்கும் சத்தம் சுவர் வழியாக வந்து கட்டில் காலில் அதிர, ஈரச்சேற்றின் வாசனை கதவிடுக்கில் புகுந்து போர்வை வரைக்கும் ஏறியது. மாஸ்க் சீறியது. பல்லைக் கடித்துப் பொறுத்தார். கண்ணில் நீர் வழிந்தது. தொண்டையை யாரோ பெருவிரலால் அழுத்துவதுபோல் இருந்தது. இழுத்துக் கழற்றினார். வீசவில்லை. பக்கத்துக் கட்டிலில், ஜாஹித் ஊருக்கு வந்தால் படுக்கும் கட்டிலில், கையை நீட்டி வைத்தார். மிஷின் அடங்கியது.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கக் கூடாது. இன்று பார்த்துவிட வேண்டும்.

தூரத்து அறையில் பர்வின் இருமினாள். அவள் அங்கேதான் இருக்கிறாள்.

தவளைகள் நின்றன.

எல்லாம் ஒரே நேரத்தில். மதகுச் சத்தம் மட்டும். பிறகு அதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் மிஷின் ஓட ஆரம்பித்திருந்தது.

மெல்லிய இரைச்சல். உள்ளே. வெளியே. உள்ளே. வெளியே. அவசரமில்லாத, நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவனின் மூச்சு.

திரும்பினார்.

மிஷின் திரையின் வெளிச்சத்தில் கட்டில் தெரிந்தது. குழாய் நீண்டிருந்தது. மாஸ்க் தலையணையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. பட்டைகள் வளைந்து, உருண்டு, இறுகி, பின்னால் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. நடுவில் எதுவும் இல்லை. தலையணை குழிந்திருந்தது.

பர்வினைக் கூப்பிட வாயெடுத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது? இத்தனை நாள் தூங்கியது நானில்லை என்றா?

அப்போது அது புரண்டது. தலையணைக் குழி நகர்ந்தது. ஒரு பக்கத்துப் பட்டை நழுவியது. சீறல். திரையில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

கசிவு.

சீறிக்கொண்டே இருந்தது. காலையில் ஜாஹித்தின் போனில் இதுதான் தெரியும். வண்டி வரும். தச்சன் வருவான். வாசற்கதவில் கொண்டி அடிப்பான்.

மீரா சாகிப் எழுந்தார். முதுகு வளையவில்லை. இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்று கையை நீட்டினார். பட்டையின் முனையைப் பிடித்தார். இழுத்தார். இறுகவில்லை. பின்பக்கம் பிடித்து அணைத்தால்தான் இறுகும். இன்னொரு கையையும் கொடுத்தார்.

பிடரி.

சூடாக இருந்தது. முடி ஈரமாக இருந்தது. அவர் பட்டையை இழுத்து ஒட்டினார்.

சீறல் நின்றது. பச்சை வந்தது.

கையை எடுக்கப் போனார். அந்தத் தலை அவர் உள்ளங்கையில் முழுப் பாரத்தையும் வைத்துச் சாய்ந்தது. பிறகு மெதுவாக, குழாயை இழுத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பியது.

மாஸ்க்கின் காலியான கண்ணாடிக் கிண்ணம் அவர் முகத்துக்கு நேராக நின்றது. அதன் வழியே தலையணை உறையின் பூக்கள் தெரிந்தன. அது மூச்சை உள்ளே இழுத்தது. அவருடைய நெஞ்சு ஒட்டியது. அது வெளியே விட்டது. கிண்ணத்தில் வெள்ளையாக ஆவி படர்ந்தது. அவர் வாயைத் திறந்தார். காற்று வரவில்லை. அது மறுபடி இழுத்தது.