கார்த்திகை பதினேழுக்கு ஒரு அறை

"முன்னாடியே கடுதாசி போட்டாத்தான் எடமா, இல்ல, நேர்ல வந்து நாள் சொல்லிட்டுப் போனாலும் எழுதிக்குவீங்களா பாப்பா?"

1934-ஆம் வருஷம் ஆவணி மாதம், உச்சி வெயிலில், பாகூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த பயணிகள் பங்களாவின் வாசலில் நின்று சூசைநாதன் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் புதுச்சேரிக்காரர். சைகோனில் எட்டு வருஷம் இருந்துவிட்டு ஒரு மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு திரும்பியவர். காரைக்கால், கன்னியாகுமரி, மாஹே என்று சுற்றிவிட்டு வருவதற்குக் கிளம்பியிருந்தார். தண்ணீர் கேட்டுத்தான் வண்டியை நிறுத்தினார். பெட்ரோல் நெடியும் வெயிலில் காய்ந்த தோல்பையின் நெடியும் வாசல்வரை வந்தன.

என் அப்பா சாமிக்கண்ணு அந்தப் பங்களாவின் காவல்காரர். அன்று விளக்கெண்ணெய் வாங்கக் கரிக்கலாம்பாக்கம் போயிருந்தார். அம்மா பின்னால் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். நான் பெரியவளாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பங்களாவுக்கு ஆள் வந்தால் முன்பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஆனால் தண்ணீர் கேட்டவருக்கு யாராவது கொடுக்கத்தானே வேண்டும்? செம்பைப் படியில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கையில் என் நோட்டு இருந்தது.

"எல்லாரும் சொல்றாங்க, ஒவ்வொரு ஊருக்கும் முன்கூட்டியே கடுதாசி போட்டு எடம் புடிச்சிடுன்னு. அப்படி எடம் புடிச்சிக்கினே போனா நான் இன்னாத்துக்கு பாப்பா? கடுதாசியே ஊர் சுத்திட்டு வந்துடும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேற்று ஆள் முன்னால் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஆனா உங்க ஊரு அப்படியில்ல. இங்க முன்பக்கமும் பின்பக்கமும் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி, சாயங்காலம் ஆறு மணி அடிச்சா ரெண்டையும் மூடிடுறான். நடுவுல மாட்டிக்கினா இந்தப் பங்களாவ வுட்டா கதி இல்ல. அதனால திரும்பி வர்ற நாளுக்கு உங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போறேன். எழுதிக்க. சூசைநாதன். கார்த்திகை பதினேழு. ஒரு ராத்திரி."

எழுதினேன்.

"எழுதினியா?"

தலையாட்டினேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

நான் எழுதியது என் நோட்டில். பங்களாவின் அறைப் புத்தகத்தில் இல்லை.

அறைப் புத்தகத்தை எழுதுகிறவளும் நான்தான். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. பங்களாவை நடத்துகிற பிரெஞ்சுக்காரர்களின் கொம்யூன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தால் அதை நான் படித்து, பெயரையும் தேதியையும் புத்தகத்தில் ஏற்றுவேன். கடிதம் இல்லாத பெயரை ஏற்ற வேண்டுமானால் அப்பாவிடம் கேட்க வேண்டும். கேட்டால், "அந்த ஆளு எப்ப வந்தான்? நீ எதுக்கு முன்னால போன?" என்று வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாளும் அப்படியே இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. ரோடு போடும் இலாகாவின் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கார்த்திகை பதினேழு ராத்திரி தங்குவார், பங்களா முழுவதும் வேண்டும் என்று இருந்தது. சத்தமாகப் படித்தேன்.

"அன்னிக்கு வேற யாரும் இல்லியே கொடி?" என்று அப்பா கேட்டார்.

என் பெயர் தனக்கொடி. அப்பா மட்டும் கொடி என்பார்.

"இல்லப்பா."

அவ்வளவுதான் நான் சொன்னது. நான் அதிகம் பேசாத பெண். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். நான் பேசிய சொற்பச் சொற்களில் அதுவும் ஒன்று.

கார்த்திகை பதினேழு வந்தபோது மூன்று நாளாக மழை விடவில்லை. ஏரி நிரம்பிக் கலிங்கில் தண்ணீர் வழிகிற இரைச்சல் பங்களா வரைக்கும் கேட்டது. அப்பா அறையைத் துடைத்து, கொசுவலை கட்டி, விளக்கேற்றி, துரைக்காக மத்தியானத்திலிருந்து காத்திருந்தார். சாயங்காலம், சாவடி மூடும் மணி அடித்து ஓய்ந்ததும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

துரை இல்லை.

சூசைநாதன் தொப்பலாக நனைந்து படியேறி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சிரித்தார். "வந்துட்டேன்யா. சொன்ன நாள்ல வந்துட்டேன்."

"எடம் இல்லீங்களே முசியே" என்றார் அப்பா. "துரை கடுதாசி போட்டிருக்காரு."

"நான்கூடத்தான் சொல்லிட்டுப் போனேன். ஆவணியிலயே."

"யார்கிட்டங்க?"

சூசைநாதன் கதவுப் பக்கம் பார்த்தார். கதவிடுக்கில் நான் நின்றிருந்தேன். என் முகத்தில் அவர் எதைப் பார்த்தாரோ. வேண்டாம் என்று நான் தலையை அசைத்தேன். கொஞ்சம்தான் அசைத்தேன்.

"யார்கிட்டயோ" என்றார் அவர். "மறந்துட்டேன். வுடுங்க."

"கூடத்துல ஒரு ஓரமா முடங்கிக்கிட்டா?" என்று பிறகு கேட்டார்.

அப்பா கைகூப்பினார். நாலு வருஷத்துக்கு முன் இதேபோல ஒரு வழிப்போக்கரைக் கூடத்தில் படுக்க விட்டார். கடிதம் போட்டிருந்த வெள்ளைக்காரர் வந்து பார்த்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டதில் ஆறு மாதம் வேலை போயிற்று. என் படிப்பு நின்றது அந்த ஆறு மாதத்தில்தான். பின்னால் எங்கள் குடிசையோ ஒரே அறை. அப்பா அந்தப் பக்கம் திரும்பினார், என்னைப் பார்த்தார், மறுபடி சூசைநாதனைப் பார்த்தார்.

"வூட்ல வயசுப் பொண்ணு இருக்குதுங்க. தப்பா நெனைக்காதீங்க."

"சே சே."

"சாவடிப் பக்கம் போனா வுடமாட்டான். ஏரிக்கரை மேலயே போங்க. செலியமேட்டுப் பக்கம் எறங்கிக்கலாம். எல்லாருக்கும் தெரிஞ்ச வழிதான்."

சூசைநாதன் கண்ணாடியை இறக்கி மாட்டினார். "கடுதாசி போட்டவன் கெட்டிக்காரன்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

துரை வரவேயில்லை. அப்பா ஏற்றிய விளக்கு காலியான அறையில் விடியும்வரை எரிந்தது.

காலையில் கலிங்குக்குக் கீழே, வடிகால் வாய்க்கால் சேற்றில், ஆளையும் வண்டியையும் கண்டெடுத்தார்கள்.

அப்பா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. "எடம் இல்லேன்னது நானு. வழி சொன்னதும் நானு" என்று அம்மாவிடம் சொல்லுவார். அம்மா ஆதிலட்சுமி, "உம்மேல இன்னாய்யா தப்பு? அந்த ஆளு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மார்கழியில் ஒரு மழை நாள், விளக்கு வைக்கிற நேரம், சாலையில் அந்த வண்டிச் சத்தம் கேட்டது. தூரத்தில் தொடங்கி, கிட்ட வந்து, பங்களா வாசலில் நின்றது. அப்பா அரிக்கேனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

வாசலில் யாரும் இல்லை.

பெட்ரோல் நெடி மட்டும் இருந்தது. நனைந்த தோல்பையின் நெடியும்.

மறுநாள் அறையைத் திறந்தபோது கட்டில் நனைந்திருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. மெத்தையில் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம். தலையணையில் ஏரிச்சேறு. அம்மா அதை வெயிலில் போட்டாள். மூன்று நாள் காய்ந்தும் அந்த ஈரம் போகவில்லை.

அதிலிருந்து மழை பெய்கிற சாயங்காலமெல்லாம் அப்பா வாசலில் போய் நின்று, இருட்டைப் பார்த்து, "எடம் இருக்குதுங்க, வாங்க" என்று கூப்பிடுவார். ஊரில் அவரைப் பற்றிச் சிரித்தார்கள். ஒரே வருஷத்தில் அவர் கிழவராகிவிட்டார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் நான் சொன்னால் அந்தப் பாரத்தில் பாதி என் தலைக்கு வந்துவிடும். தெரிந்துதான் சும்மா இருந்தேன்.

அடுத்த வருஷம் கார்த்திகை பதினேழு. அன்றும் மழை. அப்பா காலையிலேயே அறையைத் துடைத்தார். சாவடி மணி அடிக்கும் முன்பே விளக்கை ஏற்றிவைத்து, அறைப் புத்தகத்தை என்முன் விரித்தார்.

"எழுதுடி கொடி. சூசைநாதன்னு எழுது. பேரு ஏறாததுனாலதான் அலையறாரு."

எழுதினேன். மை தாளில் பரவி, கரைந்து, இல்லாமல் போயிற்று. தாளைத் தொட்டுப் பார்த்தேன். துவைத்த துணிபோல ஈரமாக இருந்தது.

மறுபடி எழுதினேன். மறுபடியும் கரைந்தது.

சாவடி மணி அடித்தது.

வண்டிச் சத்தம் வந்தது. வாசலில் நின்றது. படியில் பூட்ஸ் ஏறுகிற சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். தண்ணீருக்குள்ளிருந்து விடுகிற மூச்சு.

"எழுதினியா?"

மெதுவாகத்தான் கேட்டது. கோபமே இல்லை. அப்பாவுக்கும் கேட்டிருக்கிறது. அவர் கதவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"உன்ன எதுக்குடி கேக்கறாரு?"

நான் எழுந்து பின்பக்கமாகக் குடிசைக்குப் போய், அரிசிப் பானைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து வந்தேன். கூரை ஒழுகி அந்தப் பானையைச் சுற்றித் தரையெல்லாம் தண்ணீர். நோட்டு மட்டும் காய்ந்திருந்தது.

"அது இன்னா?"

படித்தேன். "சூசைநாதன். கார்த்திகை பதினேழு. ஒரு ராத்திரி. இன்றைக்கு ஆவணி ஒன்பது. அப்பாவிடம் சொல்ல வேண்டும்."

அப்பாவுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நான் அப்போதாவது ஏதாவது பேசியிருக்கலாம். அவர் நோட்டை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தைத் தடவினார். தன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். அறைச் சாவியை ஆணியில் மாட்டி, எப்போதும் செய்வதுபோல இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து மழையில் இறங்கினார்.

வண்டி உதைபடுகிற சத்தம் கேட்டது. அது ஏரிக்கரைப் பக்கம் போய்த் தேய்ந்தது.

காலையில் முற்றத்துச் சேற்றில் சக்கரத் தடம் ஒன்று இருந்தது. அப்பாவின் காலடிகள் படியிலிருந்து அதுவரை போயிருந்தன. அங்கே நின்றுவிட்டன. திரும்பிய அடி இல்லை, அப்பால் போன அடியும் இல்லை. கலிங்கிலும் வாய்க்காலிலும் நாலு நாள் தேடினார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

பங்களாவுக்கு இப்போது பச்சையப்பன் என்று புதுக் காவல்காரர். இருட்டுவதற்குள் தன் வீட்டுக்குப் போய்விடுவார். பெருக்கி மெழுகுகிற வேலையை இரக்கப்பட்டு அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அறைப் புத்தகம் இன்னும் என் கையில்தான்.

இந்த வருஷம் நான் பயந்து தள்ளிப்போடவில்லை. சித்திரையிலேயே எழுதிவிட்டேன்: சூசைநாதன், சாமிக்கண்ணு, கார்த்திகை பதினேழு, இரண்டு பேர். மை கரையவில்லை. ஐப்பசியில் அதே தேதிக்கு வேறொருவர் அறை கேட்டுக் கடிதம் வந்தது. இடம் இல்லை என்று பச்சையப்பனிடம் வாய்விட்டே சொன்னேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

நேற்று கார்த்திகை பதினேழு. மழை இல்லை. ஆனாலும் சாவடி மணிக்குப் பிறகு வண்டி வந்து நின்றது. படியில் இரண்டு ஜோடிக் கால்கள் ஏறின. ஒன்று பூட்ஸ். ஒன்று வெறுங்கால். அறைக்கதவு சாத்திக்கொண்டது. அம்மா தலைமாட்டில் அரிவாள்மணையை வைத்துக்கொண்டு குடிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கூடத்திலேயே இருந்தேன்.

விடியும் நேரம், காக்கைகள் கத்தத் தொடங்கியபோது கதவு திறந்தது. முதலில் பூட்ஸ் சத்தம் என்னைக் கடந்து போனது. ஆள் தெரியவில்லை. அப்புறம் அப்பா வந்தார். அவர் தெரிந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏரிச்சேற்றின் வாடை. சாவியை ஆணியில் மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

வருஷம் முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்த கேள்வி என்னிடம் இருந்தது. இந்தத் தடவை கேட்டேன்.

"அப்பா, நான் அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க எடம் குடுத்திருப்பீங்களா? துரை கடுதாசி வந்த பிறகும் குடுத்திருப்பீங்களா?"

அப்பா நின்றார். அவர் காலடியில் தண்ணீர் தேங்கியது. திரும்பி, சின்ன வயதில் நான் ஏதாவது தப்பு செய்தால் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். அவர் வாய் கொஞ்சம் திறந்தது.

வாசலில் வண்டி உதைபட்டது.

அப்பா படியிறங்கிப் போனார்.