நவமியன்று ஓடிய கார்டு

விசிறி சுற்றவில்லை. திரையிலும் ஒன்றும் வரவில்லை.

விஜயதசமி, காலை மணி ஒன்பதரை. ஆரியசாலைச் சந்தில், புதியதும் பழையதுமாகக் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் நயினாரின் கடை. அஷ்டமியிலிருந்து இழுத்துவிட்டிருந்த உள்ளறைத் திரைச்சீலையை ஒதுக்கி, பூஜைப் பட்டுத் துணியை விலக்கி, வாடிய மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பூஜைக்குப் பிறகு முதல் வேலை முதலாளி கையால்தான் நடக்க வேண்டும் என்று நயினாரே டெஸ்டரின் சுவிட்சை அழுத்தியிருந்தார். அழுத்திய விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டார். வேட்டியில் சிவப்பாக ஒரு தீற்றல் விழுந்தது.

டெஸ்டர் என்றால் பெரிய யந்திரம் ஒன்றும் இல்லை. பழைய மதர்போர்டு ஒன்றை மரப்பலகையில் திருகி, பக்கத்தில் ஒரு சுவிட்சும் மேலே ஒரு திரையும் வைத்தது. எந்தப் பழைய சாமானையும் அதில் மாட்டி ஓட்டிக் காட்டாமல் அந்தக் கடையில் விற்பதில்லை. பழைய சாமான் வாங்குகிறவர்கள் நயினாரைத் தேடி வருவது அதற்காகத்தான்.

இப்போது அதில் மாட்டியிருந்தது ஸ்நேகாவின் கிராபிக்ஸ் கார்டு. ஸ்நேகா வீட்டிலிருந்தபடி கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள். புதுசு வாங்கக் கட்டுப்படியாகாமல், நல்லதாக ஒரு பழைய கார்டு வரட்டும் என்று மாசக்கணக்கில் காத்திருந்து முன்பணம் கட்டியவள். வாசல் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்டை மாட்டியவள் ஷிஜா. கடையில் சோதனை வேலை அவளுடையது. அஷ்டமியன்று காலையில் முதலாளி கண் முன்னால் இதே கார்டை ஓட்டிக் காட்டி, பெட்டியில் வைத்து, கண்ணாடி அலமாரியில் பூட்டியவள் அவள். அலமாரிச் சாவியும் அவளிடம்தான். அன்று சாயங்காலம் நயினார் பூஜை வைத்துவிட்டு மனைவி வீட்டுக்குத் தென்காசி போனார். இன்று விடிகாலையில்தான் திரும்பினார். நவமியன்று கடையில் அவள் மட்டும்தான்.

வேறொரு கார்டை மாட்டிப் பார்த்தார்கள். அது ஓடியது. டெஸ்டரில் கோளாறு இல்லை.

ஷிஜா செத்த கார்டைக் கையில் எடுத்துத் திருப்பினாள். மாடல் அதேதான். ஆனால் விசிறி இறக்கையின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

"சார், இது அந்தக் கார்டு இல்ல. ஆரோ மாத்தியிருக்கு."

நயினார் கார்டை வாங்கிப் பின்பக்கத் திருகைப் பார்த்தார். திருகின் தலையில் பச்சை நகப்பூச்சு ஒரு பொட்டு.

"இந்தப் பச்சை ஆரோடது?"

அது ஷிஜாவுடையது. கடையிலிருந்து போகிற ஒவ்வொரு சாமானின் திருகிலும் அவள்தான் அந்தப் பொட்டை வைப்பாள். வாங்கினவர் திறந்து பார்த்தால் பொட்டு உடையும். வேறு சாமானைக் கொண்டுவந்து நீட்டினால் பொட்டு இருக்காது. நகப்பூச்சுப் புட்டி அவள் கைப்பையில் இருந்தது.

"நம்ம மார்க்குள்ள செத்த கார்டு, நீ பூட்டின பெட்டிக்குள்ள எப்படி வந்தது? சாவி ஆருட்ட இருந்தது?"

"எங்கிட்டதான் சார்."

"எப்பவும்?"

"எப்பவும்."

அது பொய். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க வாய் வரவில்லை.

நயினார் கெட்டவர் அல்ல. கோபம் வந்தால் மட்டும் அவருக்குக் கடை, வீடு, தெரு என்ற வித்தியாசம் தெரியாது. வாசல் படியில் போய் நின்றுகொண்டு, "கூட நின்னு திருடியிருக்கா. என் கடைச் சோத்தத் தின்னுட்டு எனக்கே கண்ணுல மண்ணத் தூவியிருக்கா" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கேபிள் கடையிலிருந்து ஒருவர், பாத்திரக் கடையிலிருந்து இருவர், எதிர்ப்பக்க மளிகை மொத்தக்கடை ஆட்கள் என்று தலைகள் நீண்டன. இந்தச் சந்தில் ஒரு கடையில் திருடி என்று பேர் வாங்கினால் அடுத்த கடையில் தண்ணீர் கூடக் கிடைக்காது. விழிஞ்ஞத்தில் கட்டட வேலையில் ஷிஜாவின் அப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்ததிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்.

அந்தச் சமயத்தில் உள்ளே வந்தவன் முப்பிடாதி. கோவில்பட்டிக்காரன். அலுவலகங்கள் கழித்துப் போடும் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கி, நல்ல பாகங்களை நயினாருக்கு விற்பான். ஸ்நேகாவுக்கான கார்டும் அவன் கொண்டுவந்த சரக்குதான். போகும்போது கடையில் சேர்ந்த செத்த சாமான்களைச் சாக்கில் அள்ளி ஆக்கர் விலைக்கு, பழைய இரும்புக் கணக்கில், எடுத்துப் போவான்.

இலையிலிருந்து அவல் பிரசாதத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். "எங்கூர்ல நேத்து சாயந்தரம் பூசை தடபுடலா இருந்திருக்கும். வருசா வருசம் பூசைக்கு ஊர்லதான் இருப்பேன். இந்தத் தடவதான் போவ முடியல, தம்பானூர் லாட்ஜுலயே கெடந்தாச்சு. என்ன அண்ணாச்சி, வாசல்ல கூட்டம்?"

நயினார் விஷயத்தைச் சொன்னார். முப்பிடாதி உச்சுக் கொட்டினான்.

"அய்யய்யோ. நான் நேத்து காலைல சாக்கு எடுக்க வந்தப்ப நல்லாத்தான ஓடிக்கிட்டிருந்துச்சு. இந்தப் பிள்ளதான் டெஸ்டர்ல போட்டுக் காட்டுச்சு. ரெண்டு விசிறியும் சுத்துனத எங் கண்ணால பாத்தேன். நாம் போன பொறவு என்ன நடந்துச்சோ."

"இல்ல" என்றாள் ஷிஜா. "நேத்து நான் டெஸ்டரைத் தொடவே இல்ல சார். சத்தியமாட்டு."

நயினாரின் முகம் கறுத்தது. "தசமிக்கு முன்ன தொடக் கூடாதுன்னு பூஜையில வெச்ச சாமானை எடுத்து ஓட்டினியா?"

அவர் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. திருட்டைவிட இது அவரை அதிகமாகச் சுட்டது என்பது ஷிஜாவுக்குத் தெரிந்தது.

முப்பிடாதி ஒரு கணம் மெல்வதை நிறுத்தினான். "பூசையெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஓடுனத பாத்தேன். அம்புட்டுத்தான்."

"பையை எடு, எறங்கு" என்றார் நயினார் ஷிஜாவிடம். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கொஞ்சம் இருங்கோ."

முன்னறை ஸ்டூலிலிருந்து வந்தது அந்தக் குரல். சாவித்ரி மாமி அரை மணியாக அங்கே உட்கார்ந்து, பழைய கீபோர்டு ஒன்றை மடியில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலியசாலை அக்ரஹாரத்துக்காரி. இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு கேட்டு வருபவர்களை விசாரித்து விசாரித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவள். ஒரு மானிட்டரும் கீபோர்டும் வாங்க வந்திருந்தாள். அவள் பேரம் பேசினால் நயினாருக்கு அன்றைக்கு இரண்டு வேளை தலைவலி மாத்திரை.

"இந்த மானிட்டரை ஓட்டிக் காட்டாம நான் பைசா தரமாட்டேன். அதுக்கு டெஸ்டர் வேணும். உங்க சண்டை முடிஞ்சாத்தான் டெஸ்டர் கிடைக்கும் போலிருக்கு. ரெண்டு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

நயினார் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மாமி ஷிஜாவின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"மோளே, இவர் நேத்திக்கு வந்தப்போ நீ எங்கே இருந்தே?"

"முன்னால."

"சாக்கு?"

"மேலே பரண்ல. ஏறிப் போய் எடுத்துட்டு வந்தேன்."

"அப்போ கீழே யார்?"

"இந்த அண்ணன் மாத்திரம்."

"சாவி?"

ஷிஜா தரையைப் பார்த்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டாலும் போகும்.

"அலமாரிப் பூட்டிலயே இருந்தது. அப்பதான் ஒருத்தருக்குப் புது எஸ்எஸ்டி டிஸ்க் எடுத்துக் கொடுத்தேன். சாவிய எடுக்க மறந்துட்டேன். சார்ட்ட பொய் சொல்லிட்டேன்."

"கேட்டேளா" என்று நயினார் கையை விரித்தார்.

"கேட்டேன். இன்னும் ஒண்ணு. வாரண்டியில திரும்பி வர்ற செத்த கார்டுல உன் பச்சைப் பொட்டு இருக்குமா?"

"இருக்கும் மாமி. அது நாம வித்ததுதானே. அப்படியே சாக்குல போட்டுருவோம்."

"அந்தச் சாக்கை எடுத்துண்டு போறது?"

முப்பிடாதி அவல் இலையைக் கீழே வைத்தான்.

"மாசா மாசம் எத்தனையோ எடுக்கேன் மாமி. எல்லாம் ஒடச்சு உருக்குறதுக்குப் போவுது. ஒரு செத்த கார்டை இந்தப் பிள்ளையே ஒளிச்சு வச்சிருக்கலாமில்ல?"

"வெச்சிருக்கலாம். அதான் அதோட நிறுத்தல." மாமி நயினாரைப் பார்த்தாள். "உங்க வேட்டியைப் பாருங்கோ."

நயினார் குனிந்து பார்த்தார். சிவப்புத் தீற்றல்.

"குங்குமம்."

"எங்கேருந்து?"

"டெஸ்டர் சுவிட்சிலேர்ந்து. அஷ்டமி சாயங்காலம் நான்தான் சந்தனம் வெச்சு அதுமேல குங்குமம் வெச்சேன்."

"இன்னிக்கு நீங்க அழுத்தறதுக்கு முன்னாடி அது எப்படி இருந்தது?"

"நான் வெச்சது போலத்தன்னே இருந்தது. காஞ்சு போய். விரல் பட்டதும் பொடிஞ்சு..." நயினார் பாதியில் நிறுத்தினார்.

"விரல் பட்டதும் பொடிஞ்சு உதிர்ந்துடுத்து. நவமியன்னிக்கு ஒரு தரம் அழுத்தியிருந்தா இன்னிக்கு உங்க விரலுக்கு என்ன மிச்சம் இருக்கும்? அந்த டெஸ்டர் நேத்திக்கு ஓடல. ஓடாத டெஸ்டர்ல விசிறி சுத்தினதை இவர் பாத்திருக்கார்."

"பொறவு பொட்ட திருப்பி வச்சிருக்கும்" என்றான் முப்பிடாதி. குரலில் வேகம் கூடியிருந்தது.

"பூஜை சாமானை எடுத்ததை மறைச்சு, பொட்டும் திருப்பி வைக்கறவ, முதலாளியோட பழகற உங்களையே கூப்பிட்டு ஓட்டிக் காட்டுவாளா? நயினார், சந்தனக் கிண்ணம் எங்கே?"

"அன்னிக்கே வீட்டுக்குக் கொண்டு போயாச்சு. வீட்டுல அரைச்சதாக்கும், கடையில வேற சந்தனம் கிடையாது."

மாமி கீபோர்டை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. பல வருஷம் இதையே செய்த ஆள்.

"இவர் ஊர்ல நவமி சாயங்காலம்தான் ஆயுத பூஜை. அவரே வந்தவுடனே சொன்னார். நவமி காலையில பட்டறை ஓடும், கடை ஓடும். நயினாரும் தமிழ் ஆள்தானே, இங்கேயும் அப்படித்தான்னு நினைச்சுட்டார். இந்த ஊருக்கு வந்து மூணு தலைமுறை ஆச்சு, மலையாள வழக்கப்படி நயினார் வீட்டுல அஷ்டமி சாயங்காலமே பூஜை வைப்புன்னு அவருக்கு எப்படித் தெரியும்? பூஜைக்கு அவர் இங்கே இருந்தது இதுதான் முதல் தடவை. உள்ளறைத் திரைச்சீலையும் போட்டிருந்தது."

"அவனுக்கு அந்தப் பொய் எதுக்கு மாமி?" என்றார் நயினார். இன்னும் நம்ப மனமில்லாத குரல்.

"கார்டு அவர் கொண்டுவந்த சரக்கு. செத்துப் போச்சுன்னா நீங்க முதல்ல அவரைத்தான் பிடிப்பேள். தான் போறச்சே உயிரோட இருந்ததுன்னு ஆக்கிட்டா, மிச்சம் எல்லாம் இவ தலையில. யாரும் கேக்கல, தானா சாட்சி சொன்னார். இவ பாருங்கோ, சாவி விஷயத்தைச் சொன்னா தனக்கே கெடுதல்னு தெரிஞ்சு சொன்னா. போன தடவை சாக்குல கிடைச்ச அதே மாடல் செத்த கார்டு அவர் பையில இருந்திருக்கு. இவ பரண்ல ஏறினா, சாவி பூட்டுல. மாத்தறதுக்கு எத்தனை நேரம் வேணும்?"

முப்பிடாதி வாசலைப் பார்த்தான். அங்கே பாத்திரக் கடைக்காரர்கள் படியை அடைத்து நின்றார்கள்.

"எங்கே கார்டு?" என்றார் நயினார்.

"லாட்ஜுல இருக்கு அண்ணாச்சி" என்றான் அவன். "நாகர்கோவில் பார்ட்டி ஒருத்தன் கூடுதலா தாரேன்னான். புத்தி கெட்டுப் போச்சு."

பத்தரை மணிக்குக் கேபிள் கடைக்காரர் அவனோடு தம்பானூர் போய்க் கார்டை வாங்கி வந்தார். ஷிஜாதான் அதை டெஸ்டரில் மாட்டினாள். முதல் தடவை சரியாக உட்காரவில்லை. இரண்டாம் தடவை உட்கார்ந்தது. இரண்டு விசிறிகளும் சுற்றின. திரை வெளிச்சமானதும் ஸ்நேகா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

நயினார் தொண்டையைச் செருமினார். "செரி ஷிஜா. கழிஞ்சது கழிஞ்சு. அந்தப் பைய உள்ளே வெச்சுட்டு வேலையப் பாரு. மாமிக்கு மானிட்டர் ஓட்டிக் காட்டு."

ஷிஜா பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பயம் போய்விட்டதா என்று கேட்டால் இல்லை. ஆனாலும் அவள் சொன்னாள்.

"சாவிய விட்டது என் தப்பு. பொய் சொன்னதும் என் தப்பு. அதுக்கு நீங்க என்ன வேணும்னாலும் சொல்லலாம் சார். ஆனா என்னைத் திருடின்னு படியில நின்னு சொன்னீங்க. இல்லன்னு சொல்றதும் அங்க நின்னு சொல்லணும்."

"அதான் எல்லாரும் பாத்துட்டு நின்னாங்களே."

"பாதிப் பேரு அதுக்கு முன்னயே போயிட்டாங்க சார்."

நயினார் மாமியைப் பார்த்தார். மாமி கீபோர்டில் ஒட்டிக்கொள்ளும் ஒரு எழுத்தைக் கவனமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமிருந்து உதவி வராது என்று தெரிந்ததும் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு படிக்கு வந்தார்.

"ஷிஜா எடுக்கல" என்றார். "நான் சொன்னது தப்பு."

பக்கத்துக் கடைக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கல சார்" என்றாள் ஷிஜா, பின்னாலிருந்து.

நயினார் மூச்சை இழுத்து இன்னொரு முறை சொன்னார். இந்தத் தடவை எதிர்ப்பக்க மளிகைக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கூட நின்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஷிஜா பையை இறக்கி வைத்தாள். உள்ளறைக்குப் போய், அவ்வளவு நேரமும் வராத அழுகையை அழுதாள்.