கால் தூக்கினால் நிற்கணும்

மடியில் பேன்ஜோவை வைத்துக் கம்பிகளை மீட்டும்போது மோசெல் தலையைத் தூக்கவே மாட்டாள். பயம்! கண்ணை எடுத்தால் விரல் வேறு கம்பிக்குத் தாவிவிடுமே.

அதனால்தான் போன சனிக்கிழமை மானம் போனது. நடனக் கூடத்தில் அப்பா பிடில் வாசித்தார். பிடில்காரர் ஒரு காலைத் தூக்கினால், 'இந்தச் சுற்றோடு பாட்டு முடிகிறது' என்று அர்த்தம். கூட வாசித்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், நிறுத்தினார்கள். மோசெல் மட்டும் குனிந்த தலை நிமிராமல் தனியாக வாசித்துக்கொண்டே போனாள். கூடமே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் அவள் தம்பி ஆர்லோ. ஐந்து வயது வாண்டு!

இன்றைக்கு மறுபடியும் சனிக்கிழமை. ராத்திரி அதே கூடத்தில் மோசெல் வாசிக்கணும்.

"அக்கா, வாசி! நான் ஆடறேன்."

விறகு அடுக்குக்கு முன்னால் கிடந்த பலகைமேல் ஆர்லோ ஏறிக்கொண்டான். மோசெல் எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நான் காலைத் தூக்கினா நீ நிக்கணும், சரியா?"

"நான் கரெக்டா நிப்பேன். நீதான் நிக்க மாட்டே!"

"வாயை மூடிக்கிட்டு ஆடுடா!"

'ஈரக் கோழி' பாட்டைத் தொடங்கினாள். ஒரு தப்பு வந்தால் போதும், "தப்பு, தப்பு!" என்று கத்திக்கொண்டு அவளிடம் ஓடி வருவான். அதனால் மெதுவாகவே வாசித்தாள். பலகை டக்கு டக்கு என்று அதிர்ந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கிர்ர்ர்...

அந்த மலைப்பக்கத்துப் பிடில்காரர்கள், வாலை ஆட்டிச் சத்தமிடும் விஷப் பாம்பான கிலுகிலுப்பைப் பாம்பின் வால்நுனியைப் பிடிலுக்குள் போட்டு வைப்பார்கள். எலி அண்டாதாம். அப்பாவின் பிடிலிலும் ஒன்று உண்டு. பிடிலை அசைத்தால் இப்படித்தான் கிர்ர்ர் என்னும்.

"வந்துட்டீங்களாப்பா? நீங்களும் வாசிங்க," என்றாள் மோசெல், குனிந்தபடியே.

கிர்ர்ர்... கிர்ர்ர்...

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா பிடிலை எடுத்துக்கொண்டு மத்தியானமே கூடத்துக்குப் போய்விட்டாரே!

விரல்கள் வாசித்துக்கொண்டிருக்க, மெல்லத் தலையைத் தூக்கினாள்.

ஐயோ! பலகைக்கு இந்தப் பக்கம், ஆர்லோவின் வெறுங்காலுக்கு ஒரு முழம் தள்ளிக் கிலுகிலுப்பைப் பாம்பு சுருண்டு கிடந்தது. தலை உயர்ந்திருந்தது. வால் துடித்தது.

ஆர்லோ கீழே பார்க்கவே இல்லை. அக்கா எப்போது காலைத் தூக்குவாள் என்று அவள் காலையே பார்த்து ஆடிக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது பிடில் சத்தம்தான்.

கத்தினால் துள்ளுவான். பாதியில் நிறுத்தினால் நேரே ஓடி வருவான், பாம்பின் மேலேயே!

இன்னும் ஒரு வரி பாக்கி. பாம்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தாள். வலது காலைத் தூக்கினாள். பாட்டு முடிந்தது.

ஆர்லோ டக்கென்று நின்றான். "நான் கரெக்டா..."

"பேசாதே!" என்றாள். "நான் காலை இறக்கற வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சா தோத்தே."

ஆர்லோவா தோற்பான்? மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான்.

பாம்பு நாக்கை நீட்டியது. மறுபடி நீட்டியது. மோசெலின் கால் வலியில் நடுங்கியது. இறக்கவில்லை. கிர்ர்ர் சத்தம் மெல்லக் குறைந்தது. பாம்பு சுருள் பிரிந்து, பலகையைச் சுற்றி ஊர்ந்து, விறகுக்குள் நுழைந்தது.

அதே நேரம், அவர்களைக் கூடத்துக்கு அழைத்துப்போக அப்பாவின் வண்டி வந்து நின்றது. "என்ன, ரெண்டு பேரும் சிலையா இருக்கீங்க?"

"அப்பா, விறகுக்குள்ள கிலுகிலுப்பைப் பாம்பு!"

அப்பா பாய்ந்து வந்து ஆர்லோவை அள்ளித் தூக்கினார். மோசெலையும் தூர இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நீதான் நிமிரவே மாட்டியே கண்ணு. எப்படிப் பார்த்தே?"

"நிமிர்ந்தேன்ப்பா."

"அப்போ பாட்டு?"

மோசெல் யோசித்தாள். "ஒரு தப்புகூட வரலைப்பா," என்றாள். அப்புறம்தான் அழுகை வந்தது.

அப்பாவின் கையில் கட்டைபோல் விறைத்துக் கிடந்த ஆர்லோ, உதடு அசையாமல் முனகினான்.

"அக்கா, காலை இறக்கிட்டேன்னு சொல்லு. எனக்கு மூக்கு அரிக்குது!"