நாற்பத்தெட்டு நாள் குழி

காலை 6:10. ஆமை முட்டைகளைப் புதைத்துக் காக்கும் வேலிக்குள் ஒரு குழி வெறுமையாகக் கிடந்தது. பூட்டு உடையவில்லை. வேலிக் கம்பி அறுபடவில்லை. உள்ளே இருந்த முட்டைகளைக் காணோம்.

6:40. பெண் எஸ்.ஐ. வந்து இறங்கியபோது காவல்காரரைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அறுபது வயது மனிதர். இளவயதில் கரையெல்லாம் தோண்டி ஆமை முட்டை விற்றவர் என்பதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் தோண்டி. அந்தத் தொழிலைத் தலைமுழுகிவிட்டு ஒன்பது வருடமாக இதே முட்டைகளைக் காத்து வருகிறார். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது! ஒருமுறை பெயர் கெட்டவனைப் பிடிக்க விசாரணை எதற்கு, கயிறு போதாதா?

"முதல்ல அவுத்து விடுங்க. யார் கட்டச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் சங்கத் தலைவி. மீன் ஏலம் விடுகிறவள். மீனவக் குடும்பங்களே கூடி நடத்தும் ஆமைப் பாதுகாப்புச் சங்கம் அது. "அண்ணே அண்ணேன்னு நம்பிச் சாவியைக் குடுத்தேன் மேடம். எங்க முகத்துல கரியைப் பூசிட்டாரு."

"சாவி எத்தனை?"

"மூணு. அவர்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு, செயலாளர் சார்கிட்ட ஒண்ணு."

செயலாளர் மணலில் கால் படாமல் ஒரு பலகை மேல் நின்றார். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. குழிகளுக்கு அட்டை எழுதுவது அவர் வேலை. குழி எண், முட்டை வைத்த தேதி, எண்ணிக்கை எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும்.

"பதினோராம் நம்பர் குழி மேடம்" என்றார். "வச்சு அஞ்சு நாள்தான். புது முட்டைக்குத்தான் கிராக்கி. அந்த வியாபாரம் தெரிஞ்ச ஆள் இங்க ஒருத்தன்தான்."

"நீங்க கடைசியா எப்ப உள்ள வந்தீங்க?"

"மூணு நாளா வரல. மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். நேத்து சாயந்திரம்தான் திரும்பினேன்."

தோண்டி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "ராத்திரி ஆமை ஏறுதான்னு பாக்கக் கரையோரம் போயிருந்தப்பதான் நடந்திருக்கு. எடுத்தது புதுக் குழி இல்லம்மா. பழசு. நாப்பத்தெட்டு நாள். இன்னும் ரெண்டு மூணு நாள்ல குஞ்சு வெளிய வந்திருக்கும்."

"புளுகுறான்! அட்டையைப் பாருங்க!" செயலாளர் கத்தினார். காலிக் குழியின் அட்டையில் ஐந்து நாள் முந்தைய தேதிதான் இருந்தது. பழைய தேதி எழுதிய நான்காம் எண் அட்டை, பக்கத்தில் கலையாமல் இருந்த குழியின் மேல் நின்றது.

எஸ்.ஐ. தோண்டியின் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க."

"முந்தாநாள் சூறைக்காத்துல இந்த ரெண்டு அட்டையும் பறந்துச்சும்மா. பொறுக்கிட்டு வந்து நட்டேன்."

"எது எந்தக் குழிக்குன்னு எப்படிப் பாத்தீங்க?"

அவர் தலை குனிந்தது. "எனக்குப் படிக்கத் தெரியாது. கேக்க வெக்கமா இருந்துச்சு. இடத்தை வச்சே குழி எனக்குத் தெரியும். அட்டை எனக்கு எதுக்கு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எஸ்.ஐ. பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

7:15. நான்காம் எண் அட்டை நின்ற குழியை மேலாகத் திறக்கச் சொன்னாள். தோண்டி வேறு யாரையும் தொட விடவில்லை. "புரட்டிட்டா உள்ள இருக்கிற உசுரு போயிடும்" என்று விரலாலேயே மணலை ஒதுக்கினார். தலைவி குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இதுதான் புதுசு மேடம். உச்சியில மட்டும்தான் வெள்ளை விழுந்திருக்கு. பழசா இருந்தா முழுசும் சுண்ணாம்பா வெளுத்திருக்கும்." அவள் உதட்டைக் கடித்தாள். "ரெண்டு குழியிலயும் அண்ணனும் நானும்தான் முட்டை வச்சோம். ஆத்திரத்துல அட்டையைப் பாத்தேனே தவிர இடத்தைப் பாக்கல."

"திருடனும் அட்டையைத்தான் பாத்தான்" என்றாள் எஸ்.ஐ. "அவனுக்கு வேண்டியது புது முட்டை. அட்டையை நம்பிப் பழசை அள்ளிட்டுப் போயிருக்கான். இவர் எடுத்திருந்தா இடம் தப்பியிருக்காது. நீங்க எடுத்திருந்தா முட்டை கையில பட்டதுமே வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். சாவியும் வச்சுக்கிட்டு, எழுத்தையும் நம்பி, வாழ்க்கையில ஒரு முட்டையைக்கூடத் தொடாத ஆள் யாரு?"

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். செயலாளர் பலகையை விட்டு மணலில் இறங்கினார்.

8:05. அவர் வீட்டுப் பின்கட்டில் மீன் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே ஐஸ். ஐஸுக்கு நடுவே நூற்றுப் பதினொரு வெள்ளை முட்டைகள். கெட்டுப்போகக் கூடாதாம், அவ்வளவு அக்கறை!

"வெறும் முட்டைதானே மேடம்" என்று முனகினார். "இதுக்குப் போயி..."

தலைவி ஒன்றைக் கிழித்தாள். துடுப்புக் கால்கள் மார்போடு ஒட்டி, கண் மூடி, முழுக் குஞ்சு. விறைத்துப் போயிருந்தது. அதை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "கண்ணைத் திறந்து பாருடா பாவி! இதுவா வெறும் முட்டை?"

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். தோண்டியைக் கட்டி வைத்த கூட்டமே இப்போது அந்த வீட்டு வாசலில் நின்று அவரைத் திட்டியது. அந்த வாய்களுக்கு வெட்கமே கிடையாது.

தலைவி தோண்டியின் அருகில் வந்து நின்றாள். "தப்புப் பண்ணிட்டேன் அண்ணே" என்றாள், மெல்ல.

"காதோட காதா சொல்லாத தங்கச்சி. கட்டச் சொன்னப்ப ஊரே கேக்கத்தானே கத்துன?"

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எங்க அண்ணன் திருடன் இல்ல!"

"கடைசியில நிக்கிறவனுக்குக் கேக்கல."

தொண்டை கிழிய அவள் மறுபடியும் கத்தினாள்.