மீன்கொத்திக்கு ஒரு பேனா

மீன்கொத்தியின் சிறகுக்கு நீலம் பூசி முடித்திருந்தாள் சித்ரலேகா. வால் மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து லேப்டாப் திரை வெளுத்தது.

'இலவச நாட்கள் முடிந்தன. தொடர்ந்து வரைய மாதச் சந்தா செலுத்துங்கள்.'

அவள் வெகுநேரம் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

"என்னட்டி, கல்லு மாதிரி இருக்க?" அண்ணன் கணேஷ்ராம் எட்டிப் பார்த்தான்.

"படம் தொறக்க மாட்டேங்குதுண்ணே. திங்கக்கெழமை டீச்சர்ட்ட குடுக்கணும்."

பள்ளி ஆண்டு மலரின் அட்டைப்படம் அது. அவள் கொடுக்காவிட்டால், போன வருடம் போட்ட அதே பள்ளிக்கூட வாசல் போட்டோதான் மறுபடியும் வரும்.

"அப்பாட்ட காசு கேப்போமா?"

"கட்டாத மாசம் திரும்பவும் பூட்டிக்கிடுமே! காசு கேக்காதது ஒண்ணும் இல்லையா?"

"இருக்கே. இங்கன பாரு, எத்தன கெடக்கு!"

வரைவதற்கான மூன்று இலவச மென்பொருள்களை இறக்கினார்கள். முதலாவதில் தென்னைமரம் வரைந்தாள், அழகாக வந்தது. இரண்டாவதில் அண்ணன் முகம்; கோணிக்கொண்டது. மூன்றாவதில் ஆட்டுக்குட்டி, ஏதோ ஒரு மாதிரி இருந்தது.

"ரெண்டாவது சரியில்ல" என்றாள்.

"ஏட்டி, கோளாறு அதுலயா, என் மூஞ்சிலயா?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

மாலையில் அண்ணனுக்குப் பேனா வாங்க, தில்லைநாயகம் அண்ணாச்சி கடைக்குப் போனாள். பேனாக்களை எழுதிப் பார்க்க அங்கே ஓர் அட்டை தொங்கும். அதைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.

"என்ன தாயி, அட்டைய வாங்கப் போறியா?"

"எல்லாரும் பிள்ளையார் சுழிதான் போட்டிருக்காங்க, அண்ணாச்சி."

"வேற என்னத்தப் போட? பேனாவத் தொட்டா கை தானா அதுக்குத்தான போகுது!"

அட்டை நிறைய 'உ', 'உ', 'உ'. ஒன்று திக்கியிருந்தது. ஒன்று மை கக்கியிருந்தது. ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியிருந்தது. எல்லாரும் போட்டது ஒரே சுழி. அதனால் எந்தப் பேனா எப்படி என்று பளிச்சென்று தெரிந்தது.

'நான் மூணுலயும் வேற வேற படம்லா போட்டேன்!'

பேனா வாங்காமலே வீட்டுக்கு ஓடினாள்.

மூன்றிலும் ஒரு சுழி, பக்கத்தில் ஒரு சிறகு. பிறகு, எது பூட்டிக்கொள்கிறது என்று பார்க்க இணையத்தை அணைத்தாள். சேமித்து, மூடி, திரும்பத் திறந்தாள்.

முதலாவது, படத்தின் நடுவில் தன் பெயரைப் பதித்து வைத்திருந்தது.

"சீர்ப் பாத்திரத்துல பேரு வெட்டுன மாதிரிலா இருக்கு!" என்று சிரித்தான் கணேஷ்ராம்.

இரண்டாவது, இணையம் இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்றது. மூன்றாவதில் படம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"செங்கோட்டை ரயில் மாதிரி பைய வருது."

"வரட்டும்ணே."

வந்தது. சுழி, சிறகு, எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. சித்ரலேகா சிறகைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது போதும்."

"சரி, என் பேனா எங்கட்டி?"

ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சுழி போட்ட பக்கத்திலேயே மீன்கொத்தியை முதலிலிருந்து வரைந்தாள். இந்த முறை வாலில் தொடங்கினாள்.

திங்கட்கிழமை பிரேமலதா டீச்சர் படத்தை உற்றுப் பார்த்தார். மீன்கொத்தி, ஆறு, பாறை.

"பாறை மேல இது என்னது, சுழியா?"

அழிக்க மறந்துபோயிருந்தாள்! காது சூடாகிவிட்டது. 

"பேனா எழுதுதான்னு பாத்தேன், டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் எழுதுது. இருக்கட்டும்."

ஆண்டு மலர் அச்சாகி வந்தபோது, மீன்கொத்தியின் காலடியில் அந்தச் சுழியும் இருந்தது.